பிசாத்து: பொருளிலும் பிறப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பிசாத்து 50 ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு?" என்று நாகர்கோவிலின் கோட்டார் கம்போளத்தில், அதாவது சந்தையில், ஒருவர் கேட்டால், அதன் பொருள் யாருக்கும் விளங்காமல் போவதில்லை. அற்பமானது, கணக்கில் வைக்கத் தேவையில்லாதது, வாய் திறந்து பேசுவதற்கே தகுதியற்றது என்று அத்தனையையும் அந்த ஒரு சொல் தாங்கி நிற்கிறது. ஆனால் அது எந்த மொழிச் சொல், எப்படி இந்தப் பொருளுக்கு வந்தது என்று கேட்டுவிட்டால், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆளுக்கொரு விடை கிடைக்கும். பிச்சையிலிருந்து வந்தது என்பார் ஒருவர்; பைசாவின் திரிபு என்பார் இன்னொருவர்; பிச்சாத்தி என்னும் கத்தியோடு முடிச்சுப் போடுவாரும் உண்டு; சென்னைக் கொச்சை, அவ்வளவுதான் என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிடுவாரும் உண்டு. இவற்றுள் ஒன்றும் சரியில்லை. இத்தனை பேரும் வழுக்கி விழும் இடங்கள் எவை என்று பார்த்து வைத்துக்கொண்டால், வேறு இரவல் சொற்களை ஆராயும்போதும் அவ்விடங்களில் கால் வைக்காமல் தப்பலாம்.

முதலில் சொல்லின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். அரபு மொழியில் 'பிசாத்' என்றால் விரிப்பு, கம்பளம். விரித்தல், பரப்புதல் என்னும் பொருளுடைய ஒரு வேரிலிருந்து பிறந்த சொல் அது. திருக்குர்ஆனின் 71ஆம் அத்தியாயமாகிய நூஹ், 19ஆம் வசனத்தில் இறைவன் பூமியை மனிதர்களுக்கு ஒரு விரிப்பாக ஆக்கினான் என்று கூறுமிடத்தில் இதே சொல்தான் இருக்கிறது. கதைகளில் பறக்கும் கம்பளத்தையும் அரபியர் 'காற்றின் பிசாத்' என்றே சொல்கிறார்கள். இறைவனுக்குரிய 99 திருநாமங்களுள் ஒன்றாகிய 'அல் பாஸித்', அதாவது தாராளமாக விரித்துக் கொடுப்பவன் என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். குளச்சலிலோ திருவிதாங்கோட்டிலோ அப்துல் பாஸித் என்ற பெயருடைய ஒரு பிள்ளை இருந்தால், அவன் பெயரும் நாம் ஏளனத்துக்கு எடுத்தாளும் பிசாத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எனக்கு அது வியப்பைவிட எச்சரிக்கையாகவே படுகிறது, ஏனெனில் ஒரு சொல்லின் இன்றைய மதிப்பை வைத்து அதன் பரம்பரையை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அரபியிலிருந்து பாரசீகத்துக்கும் அங்கிருந்து உருதுவுக்கும் வந்தபோது, விரிப்பு என்ற பொருள் மேலும் சில திசைகளில் படர்ந்தது. சதுரங்கக் காய்களை அடுக்கும் விரிப்பு, அதாவது ஆட்டப் பலகை, பிசாத் எனப்பட்டது. வணிகன் தன் சரக்கைப் பரப்பி வைக்கும் துணியும் அப்பெயர் பெற்றது. பின்பு அந்தத் துணியின்மேல் இருக்கும் சரக்கும், அந்தச் சரக்கில் அவன் போட்டிருக்கும் முதலும், இறுதியில் அவனுடைய வசதியும் வல்லமையும் எல்லாமே பிசாத் ஆயின. ஊசி, நூல், சீப்பு, கண்ணாடி போன்ற சிறுபொருள்களை விற்பவருக்கு உருதுவிலும் இந்தியிலும் 'பிசாத்தி' என்று பெயர். துணி எப்படி முதலாக மாறும் என்று ஐயம் கொள்வோர், மாசி மாதத்தில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனால் தெளிவு பெறலாம். கடற்கரைக்குப் போகும் வழியில் மணலின்மேல் ஒரு தார்ப்பாய் விரிந்திருக்கும். அதன்மேல் கண்ணாடி வளையல், ரிப்பன், பொட்டு அட்டை, ஊக்கு, விசில், பிளாஸ்டிக் கிளிப், பாசிமாலை என்று வரிசை வரிசையாகப் பரப்பியிருப்பார்கள். விற்பவருக்கு அந்தத் தார்ப்பாய்தான் கடை, அதுதான் அலமாரி, வாங்கிய பணத்தைச் செருகி வைப்பதும் அதன் ஓர் ஓரத்தின் அடியில்தான். மழை தூறினாலோ, இடத்தை மாற்றச் சொன்னாலோ, நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூட்டையாகத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். அவருடைய முதல் எவ்வளவு என்பதற்கு அந்த விரிப்பின் அளவே அளவு. அந்த மூட்டையைப் பார்த்தவருக்கு, விரிப்பைக் குறித்த சொல் வசதியைக் குறிக்க வந்தது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

இதுவரையிலும் சொல்லுக்கு இழிவு எதுவும் ஒட்டவில்லை. இழிவு வந்தது கேள்வியிலிருந்து. "அவனுக்கு ஏது பிசாத்?", அதாவது அவனுடைய வசதி என்ன, வல்லமை என்ன என்று உருதுவில் ஏளனமாகக் கேட்பது மரபு. மராத்தியிலும் "அவனுக்கு என்ன பிசாத்" என்ற இதே அறைகூவல், சொல் சற்றே திரிந்து 'பிஷாத்' என்ற வடிவில் இன்றும் அன்றாட வழக்கில் இருக்கிறது. வசதி என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பதுதான் எதிர்பார்க்கப்படும் விடை. கேள்வி கேட்டுக் கேட்டு, விடையாக வர வேண்டிய 'ஒன்றுமில்லை' என்பது சொல்லின் மேலேயே படிந்துவிட்டது. தமிழில் வந்து சேர்ந்தபோது கேள்வி உதிர்ந்து, படிந்த பொருள் மட்டும் நின்றது; வசதி என்ற சொல் வசதியின்மையைக் குறிக்கலாயிற்று. "பெரிய ஆள்!" என்று நாம் உதட்டைச் சுழித்துச் சொல்லும்போது 'பெரிய' என்பது சிறுமையைக் குறிப்பதும் இதே போக்குதான், ஆனால் அங்கே குரல்தான் வேலை செய்கிறது, பிசாத்தில் சொல்லே மாறிவிட்டது.

இனித் தவறுகளுக்கு வரலாம். எல்லாவற்றுக்கும் தாயான தவறு, காதுக்கு ஒத்து ஒலிப்பதை வைத்து உறவு கட்டுவது. பிச்சையிலிருந்து பிசாத்து என்பவர்கள் ஓர் எளிய ஒலி விதியைக் கவனிப்பதில்லை. தமிழில் உயிர்களுக்கு இடையே தனித்து வரும் சகரம் 'ஆசை', 'பாசம்' என்பவற்றில் போல மென்மையாக ஒலிக்கும். இரட்டித்து வரும் சகரம் 'பச்சை', 'பிச்சை' என்பவற்றில் போல அழுத்தமாக ஒலிக்கும். பிச்சையின் அழுத்தம் எங்கும் தொலைந்துபோவதில்லை. பிச்சைக்காரனை எவரும் பிசைக்காரன் என்பதில்லை. மறுபுறம், உருதுவின் மெல்லிய சகரம் தமிழுக்கு வரும்போது தனிச் சகரமாகவே வரும் என்பதற்கு வாரிசும் ரசீதும் சாட்சி. பைசாக் கொள்கைக்கும் இதே வகைத் தடை உண்டு: பைசாவின் ஐகாரம் குறுகி இகரம் ஆயிற்று என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், கடைசியில் நிற்கும் 'த்து' எங்கிருந்து முளைத்தது என்று சொல்ல வழியில்லை. ஒரு சொல்லின் பாதியை மட்டும் விளக்கிவிட்டு மீதியைக் காற்றில் விடும் எந்த விளக்கத்தையும் ஏற்கக் கூடாது என்பது, சொல்லாராய்ச்சியில் நான் விட்டுக்கொடுக்காத கறார்.

அந்த 'த்து' உண்மையில் மிகவும் ஒழுங்கானது. சொல்லின் இறுதியில் நிற்கும் தகர மெய்யைத் தமிழ் வாய் அப்படியே விட்டுவிடாது. உகரம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். மூலச்சொல்லின் இறுதி ஒலிப்புடைய மென்மையான தகரமாக இருந்தால் தனித் 'து' வரும்: ரசீது, கைது, தாக்கீது. வல்லொலித் தகரமாக இருந்தால், தனித்து எழுதினால் மென்மையாகிவிடும் என்பதால் இரட்டித்து 'த்து' வரும்: நிபந்தனையைக் குறிக்கும் 'ஷர்த்' சரத்து ஆனது, 'ஜமாஅத்' ஜமாத்து ஆனது. இம்மாவட்டத்தின் கடலோர ஊர்களில் நாள்தோறும் காதில் விழும் ஜமாத்து என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பிசாத்து என்பதை நிறுத்திப் பார்த்தால், இரண்டும் ஒரே தச்சன் இழைத்த வேலை என்பது தெரியும்.

குமரி மாவட்டத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. அது பிச்சாத்தி. மலையாளத்திலும் நம் மாவட்ட வழக்கிலும் பிச்சாத்தி என்றால் கத்தி; மீன் நறுக்கவும் மரச்சீனிக் கிழங்கு தோலுரிக்கவும் அடுக்களையில் கிடப்பது. "பிச்சாத்திக் கத்திக்கு என்ன மதிப்பு, அதனால்தான் அற்பமானதைப் பிசாத்து என்கிறோம்" என்று விளக்குவோரைப் பார்த்திருக்கிறேன். இங்கும் இரட்டைச் சகரமே முதல் தடை. அதைவிடப் பெரிய தடை, பொருள். கூர்மையான ஆயுதம் ஒன்றின் பெயர் எந்த வழியாக அற்பத் தொகையைக் குறிக்க வந்தது என்பதற்கு இடைநிலைப் பயன்பாடு ஒன்றுகூடக் காட்ட முடியாது. விரிப்பு, சரக்கு, முதல், வசதி என்று படிப்படியாகக் காட்ட முடிகிற பிசாத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வடநாட்டுப் பிசாத்தி ஊசி விற்கும் மனிதர், நம் ஊர்ப் பிச்சாத்தி கிழங்கு நறுக்கும் கத்தி. இரண்டும் ஒலியால் ஒட்டிப் பிறந்தவை போலத் தோன்றுவது வெறும் தற்செயல்.

பிசினாறியோடு குழப்புவது வேறு வகை. அங்கே பிறப்பில் மட்டுமல்லாமல் பயன்பாட்டிலும் தவறு நேர்கிறது. காசை விடாமல் பிடித்துக்கொள்பவன் பிசினாறி. அவனிடம் கட்டுக்கட்டாகப் பணம் இருக்கலாம். பிசாத்து என்பது கொடுக்க மனமில்லாமையைக் குறிப்பதே இல்லை, பொருளின் சிறுமையை மட்டுமே குறிக்கும். கஞ்சனைப் பிசாத்து என்று எழுதுவது பிழை.

அடுத்து, குமரியில் புழங்கும் இரவல் சொல் எதுவானாலும் அதை மலையாளத்தின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம். இதற்கு வரலாற்றுக் காரணம் இல்லாமல் இல்லை. அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூரின், பின்பு திரு-கொச்சியின் பகுதியாக இருந்தவை. பொருள் என்பதற்குச் 'சாதனம்' என்பதும், சாவி என்பதற்குத் 'தாக்கோல்' என்பதும் அந்தத் தொடர்பின் எச்சங்கள்தாம். ஆனால் அற்பம் என்பதற்கு மலையாளம் எடுத்தாளும் சொல் 'நிஸ்ஸாரம்'. பிசாத்து தமிழ்நாடு முழுவதும், அதிலும் வடதமிழ்நாட்டில் மிகுதியாகப் புழங்குவது. எல்லை வட்டத்தில் கேட்கிறது என்பதற்காக ஒரு சொல்லை எல்லைக்கு அப்பாலிருந்து வந்ததாகக் கொள்வது, வீட்டு வாசலில் நிற்பவரை விசாரிக்காமலே பக்கத்து வீட்டுக்காரர் என்று தீர்மானிப்பதுபோல் ஆகும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு, அது கொஞ்சம் படித்தவர்களிடம் காணப்படுவது. சொல் அரபு என்று தெரிந்தவுடன், தேங்காய்ப்பட்டணத்துக்கும் குளச்சலுக்கும் வந்த அரபு வணிகரின் பாய்மரக் கப்பலிலிருந்து அது நேரே இறங்கியது என்று எழுதிவிடுவார்கள். கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லின் பொருளே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அரபியில் பிசாத் என்றால் விரிப்பு. முதல், வசதி, வல்லமை என்னும் பொருள்களும் "ஏது பிசாத்" என்னும் ஏளனமும் வளர்ந்தது உருதுவில். தமிழில் நமக்கு விரிப்பு என்ற பொருள் வரவேயில்லை. ஏளனம் மட்டுமே வந்திருக்கிறது. ஆகவே சொல்லைப் பெற்றெடுத்தது அரபு, நமக்குக் கைமாற்றிக் கொடுத்தது உருது. வக்கீல், வசூல், ஜாமீன், ஜப்தி, வகையறா என்று கச்சேரிச் சொற்கள், அதாவது நீதிமன்ற, அலுவலகச் சொற்கள், ஒரு கூட்டமாகத் தமிழுக்குள் வந்ததும் இப்படிப் பாரசீக, உருது வழியில்தான். 18ஆம் நூற்றாண்டில் ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கத்துத் திருநெல்வேலிச் சீமை ஆர்க்காட்டு நவாபின் வரிவசூலுக்கு உட்பட்டிருந்ததையும், இந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர் அரசே பின்னாளில் திவான், சர்க்கார், தாசில்தார் என்று பாரசீகப் பெயர்களால் ஆட்சி நடத்தியதையும் நினைவில் கொண்டால், இச்சொற்களுக்குக் கப்பல் தேவைப்படவில்லை என்பது புரியும். பெற்ற மொழி வேறு, தந்த மொழி வேறு என்னும் இந்த வேறுபாட்டைக் குறிக்காமல் எழுதப்படும் சொல்வரலாறு பாதி வரலாறே.

இரவல் சொல்லைத் தமிழாக்கும் ஆர்வத்துக்கு மறுமுனையில், தமிழ்ச் சொல் உலகெங்கும் சென்றது என்று காட்டும் ஆர்வம் நிற்கிறது. பிசாத்துக் காசைப் பற்றிப் பேச்சு வந்தால், ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் காசிலிருந்து போனதுதானே என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். நாகர்கோவிலில் பழைய நாணயம் சேர்ப்பவர்களிடம் இதற்குச் சான்றும் இருக்கிறது: திருவிதாங்கூர்ச் செப்புக் காசுகளில் ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்றே பொறித்திருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக ஒரு காசு என்பது ரூபாயில் 448இல் ஒரு பங்கு. பிசாத்து என்ற அடைமொழிக்கு அதைவிடப் பொருத்தமான நாணயம் இருந்திருக்க முடியாது. அந்தச் செப்புக் காசின்மேல் உள்ள 'கேஷ்', தமிழ்க் காசு போர்ச்சுகீசியர் வாயில் திரிந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் ரொக்கம் என்ற பொருளில் ஆங்கிலேயர் அன்றாடம் சொல்லும் 'கேஷ்' வேறு சொல். பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து, அதற்கும் முன்பு பெட்டி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்றான இரண்டு சொற்கள் ஒரே அகராதியில் அக்கம்பக்கமாக நிற்கின்றன. ஒன்றின் பிறப்புச் சான்றிதழை மற்றொன்றுக்குக் காட்டுவது, எவ்வளவு பெருமை தந்தாலும், பொய்ச் சான்றுதான்.

சில்லறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அற்பத்தைக் குறிப்பதாலும், மலையாளத்தில் 'சில்லற' என்றும் 'அல்லற சில்லற' என்றும் கேட்பதாலும், பிசாத்தோடு சேர்த்து அதையும் அயற்சொல் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். தென்னாட்டு மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக இருக்கும் ஒரு சொல்லை இரவல் என்று முத்திரை குத்தும்முன், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியையாவது திறந்து பார்ப்பது நல்லது. மூலமொழி இன்னது என்று சுருக்கக் குறியால் காட்டும் வழக்கம் அதில் உண்டு. லொட்டு லொசுக்கு போன்ற இரட்டைக் கிளவிச் சாயல் சொற்களுக்கோ வேர் தேடுவதே வீண் வேலை.

பிறப்பைத் தெரிந்துகொண்டவர்கள் செய்யும் தவறுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. "பிசாத் என்றால் கம்பளம், இறைவன் பெயரோடு தொடர்புடைய சொல், ஆகவே ஒருவரைப் பிசாத்து என்பதில் இழிவு இல்லை" என்று வாதிடுவார்கள். மூலப்பொருள் இன்றைய பொருளுக்கு நீதிபதி ஆகாது. வடமொழியில் பிரமாதம் என்றால் கவனக்குறைவு, பிழை. கச்சேரி முடிந்ததும் பாடகரிடம் பிரமாதம் என்று சொல்பவர் அவர் தாளம் தப்பினார் என்று சொல்லவில்லை. ஒரு சொல் என்ன செய்கிறது என்பதை அதைக் கேட்பவரின் முகத்தில்தான் படிக்க வேண்டும்.

அந்த முகத்தைப் பற்றித்தான் பயன்பாட்டுத் தவறுகள். தொகைக்கு அடையாக வரும்போது இச்சொல் பெரும்பாலும் ஊறு செய்யாது. இரண்டு நண்பர்களுக்குள் "மக்கா, பிசாத்து இருவது ரூவாய்க்காக்கும் இந்தச் சண்ட?" என்பது சமாதானப் பேச்சு, தொகையைச் சிறுமைப்படுத்தி மனிதரை விலக்கிவிடும் உத்தி. ஆனால் அதே தொகை எதிரிலிருப்பவருடைய சம்பாத்தியமாக இருந்தால் நிலைமை தலைகீழ். கொடைக்கடையில் தார்ப்பாய்க்கு முன்னால் குனிந்து நின்று, "அண்ணாச்சி, இந்தப் பிசாத்துச் சாமானுக்கு 100 ரூபாயா?" என்று கேட்பவர் விலையைக் குறைக்கச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார், அண்ணாச்சியின் காதில் விழுவது அவருடைய முதலைப் பற்றிய தீர்ப்பு. மனிதரையே "அவன் ஒரு பிசாத்து" என்று பெயர்ச்சொல்லாக்கிச் சொல்வது முழுமையான வசை. சொல்லின் பழைய கேள்வி, உனக்கு என்ன வசதி என்னும் கேள்வி, அங்கே முழு வீச்சோடு திரும்பி வருகிறது. மனு, தீர்மானம், அலுவலகக் கடிதம் போன்றவற்றில் இச்சொல்லுக்கு இடமில்லை. சிறுதொகை, அற்பத் தொகை என்று எழுதினால் போதும். கதையிலும் உரையாடலிலும் அதை விலக்க வேண்டியதில்லை. சென்னைக் கொச்சை என்று ஒதுக்குவோர், அது திரைப்பட நகைச்சுவையில் அடிக்கடி கேட்பதைக் கொண்டு ஊரைத் தீர்மானிக்கிறார்கள்.

எழுத்தில் இரண்டு பிழைகள் மிகுதி. அயற்சொல் என்று தெரிந்தவுடன் கிரந்தத்தைக் கொண்டு வந்து 'பிஸாத்து' என்று எழுதுவது ஒன்று. தொல்காப்பியர் வடசொல்லுக்குச் சொன்ன நெறியே, அதன் அயல் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்த எழுத வேண்டும் என்பதுதான்; அந்நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பாயிரம் கூற, அந்த ஆசானின் ஊர் நம் விளவங்கோடு வட்டத்து அதங்கோடே என்று பெருமைப்படும் மாவட்டத்தார் இந்த நெறியை மறப்பது அழகல்ல. ஆசையைக் கிரந்தமில்லாமலே சரியாக ஒலிப்பவருக்குப் பிசாத்தும் சரியாகவே ஒலிக்கும். மற்றொன்று, இரவல் சொல்லுக்குப் புணர்ச்சி விதி பொருந்தாது என்று எண்ணி 'பிசாத்து காசு', 'பிசாத்து சாமான்' என்று ஒற்றில்லாமல் எழுதுவது. தமிழ் வடிவம் பெற்றுவிட்ட பிறகு இது பாட்டு, பத்து என்பவை போல ஒரு வன்றொடர்க் குற்றியலுகரம். அதன்பின் வல்லினம் மிகும். பிசாத்துக் காசு, பிசாத்துச் சாமான், பிசாத்துப் பணம் என்பனவே திருத்தமான வடிவங்கள். எண் தொடரும்போது மட்டும் பேச்சில் சிறு நிறுத்தம் விழுவதால், 'பிசாத்து 50 ரூபாய்' என்று இடைவெளி விட்டு எழுதுவதில் குற்றமில்லை.